கோணல் அறையில் அடித்த தட்டுகள்

அன்று காலை அவர் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்து, "புள்ள, அந்தத் தோணிய எடு" என்றார்.

நான் சிரித்தேன். கொடியில் கிடந்த துவாயைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. கையை அதன் பக்கம் நீட்டிக்கொண்டுதான் நின்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "தோணி ஆத்தில கிடக்கு, போய் எடுங்க" என்றேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் விளையாட்டு இருக்கவில்லை. திரும்பவும் "தோணி" என்றார். அவருடைய வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். துவாயை எடுக்கத் திரும்பினேன். பின்னால் அவர் விழுந்த சத்தம் கேட்டது.

எங்கள் வீடு கல்லடியில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருந்தது. என் சீதன வீடு. பக்கத்து வளவில் தங்கச்சியின் வீடு. அவளுடைய புருஷன் ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டியைக் கொண்டுவந்தான். வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்திப் பாலத்தைக் கடந்து பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். பாலத்தின் மேல் வண்டி உருளும்போது அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். சொற்கள்தாம். ஆனால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பு இல்லை. உப்பு என்றார், பின்னேரம் என்றார், மாமா என்றார். எல்லாவற்றுக்கும் நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன்.

ஆசுபத்திரியில் சில கிழமைகள் கிடந்தார். டாக்குத்தர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "உயிருக்குப் பயமில்ல. கால் கொஞ்சம் வரும். வலது கை வருமோ தெரியாது. பேச்சப் பத்தி நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார். அதற்குப் பிறகு பரியாரியார் எண்ணெய் தந்தார், கசாயம் தந்தார். அவரும் பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல்தான் கோணாமல் வந்தது. அது "ஓம்." பசிக்கிறதா என்றால் ஓம். பசிக்கவில்லையா என்றாலும் ஓம். போதும் என்பதற்கும் ஓம், இன்னும் வேண்டும் என்பதற்கும் ஓம். குரலை வைத்துச் சில நேரம் விளங்கும். பல நேரம் விளங்காது. மற்றச் சொற்கள் வந்தால் வேறெதற்கோ உரியவையாக வரும். அவை பிழை என்று அவருக்கே தெரியும். அதுதான் கொடுமை. சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே இடது கையால் அடித்துக்கொள்வார்.

அவர் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவர். வாய்க்கால், மதகு, குளத்துக் கட்டு எல்லாவற்றையும் கடதாசியில் மயிரிழைக் கோடுகளாகப் போடுவார். சோற்றுக் கோப்பையை வைத்தால்கூட மேசை விளிம்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். வாய் குறைவு, கை நேர்த்தி. இரண்டும் ஒரே காலையில் போய்விட்டன.

அவரைக் கிடத்தியிருந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை என் அப்பா வளவின் மூலையில் கட்டியிருந்தார். அயல் வேலி சரிந்து ஓடியதால், நிலத்தை வீணாக்காமல் சுவரையும் சரித்தே ஓட்டிவிட்டார். அறையின் ஒரு தலைப்பு அகலம், மறு தலைப்பு ஒடுக்கம். ஆற்றுப் பக்கக் கூரை தாழ்ந்து வரும். நெடிய ஆள் அந்தப் பக்கம் நின்றால் தலை இடிக்கும். கலியாணம் முடித்து வந்த கிழமையே இவர் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்தார்.

"உங்கட அப்பா நண்டு நடக்கிற மாதிரி ஒரு அறையக் கட்டியிருக்கார் புள்ள" என்றார்.

"அலுமாரி ஒண்டும் வைக்க ஒண்ணாதெண்டு அம்மா சொல்லுவா."

"கடையில வாங்கிற அலுமாரி வைக்க ஒண்ணா. இஞ்சயே அடிக்க வேணும். சுவர் கோணலா இருந்தா என்ன? தட்டு சுவரோட சேர்ந்து ஒடுங்கிப் போகட்டும். ஒரு முனையில ஆழம், மறு முனையில ஒரு சாண். முன்பக்கம் மட்டும் நூல் பிடிச்ச மாதிரி நிண்டாக் காணும். அறை கோணலெண்டே ஆருக்கும் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் கை காற்றில் கோடு போடும். மேலே உடுப்புக்கு, நடுவில் புத்தகத்துக்கு, கீழே எனக்குக் கதவு வைத்த அலுமாரி, அதற்குள் இழுத்துத் திறக்க இரண்டு லாச்சி என்று ஒவ்வொரு வருசமும் சொல்வார். சொன்னதோடு சரி. கந்தோர் வேலை இருக்கும், அல்லது பலகை நல்லதாகக் கிடைக்காது. பிறகு உலகச் சண்டைக் காலம் வந்துவிட்டது. எங்கள் உடுப்புகள் றங்குப்பெட்டியிலும், புத்தகங்கள் மேசைக்குக் கீழும், மற்றவை எங்கெங்கோவும் கிடந்தன. பிள்ளைகள் இல்லாத வீடு. அப்படிக் கிடந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இருக்கவில்லை.

இப்போது இடைஞ்சலாகிவிட்டது. அவர் கட்டிலில் இருந்தபடி எதையாவது கேட்பார். சொல் பிழையாக வரும். நான் ஓடி ஓடிக் கொண்டுவருவேன். சீப்பைக் கொண்டுவந்தால் இல்லை. தண்ணீர் இல்லை. விசிறி இல்லை. கண்ணாடி இல்லை. கடைசியில் கட்டில் சட்டத்தில் இடது கையால் ஓங்கி அடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கையில் எதையோ வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அப்படி நிற்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எல்லாச் சாமான்களும் அவர் கண்ணுக்கு முன்னால், இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால், அவர் ஒன்றையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்து எடுக்கலாம். பேச்சே தேவையில்லை.

ஓடாவியாரை அழைத்தேன். எங்கள் ஊரில் கதவு நிலையெல்லாம் செய்தவர். பட்டாளத்துக்குக் கொட்டில் அடிக்கிற வேலையில் நின்றவர், என் முகத்துக்காக ஒரு பின்னேரம் வந்தார். அறையைப் பார்த்ததும் மூக்கைச் சொறிந்தார்.

"இது கோணல் புள்ள. நேரான பெட்டியாத்தான் செய்து சுவரில சாத்தலாம். பின்னால இடவெளி விழும். அதுக்கு என்ன செய்யிற?"

கட்டிலில் இருந்தவர் தலையை உயர்த்தினார். முகம் சிவந்துவிட்டது. இடது கையைச் சுவரோடு சேர்த்துச் சரித்து இழுத்துக் காட்டி, "கத்தரிக்காய்" என்றார். "கத்தரிக்காய்... வெள்ளிக்கிழமை... கத்தரிக்காய்!"

ஓடாவியார் வேண்டுமென்று சிரிக்கவில்லை. சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா" என்றார். ஆனால் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். ஓடாவியார் வெளியே வந்து என்னிடம், "மறுகா வாறன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வேலை மும்முரமோ, வெட்கமோ, எனக்குத் தெரியாது. நானும் ஆள் அனுப்பவில்லை. இவர் சொன்னதென்ன என்பது எனக்கு விளங்கியிருந்தது. தட்டு சுவரோடு சேர்ந்து ஒடுங்கிப் போகட்டும். அதைச் சொல்லத்தான் இவருக்குக் கத்தரிக்காய் வந்தது.

அப்பாவின் வாளும் சுத்தியலும் பின்தாழ்வாரத்தில் தொங்கின. பலகைக்குக் காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் காக்கா வருவார். பழைய பெட்டி, போத்தல், சாக்கு வாங்கி விற்கிறவர். அவரிடம் கேட்டேன்.

"பலகை இரிக்கி தங்கச்சி. பட்டாளத்துக்குச் சாமான் வந்த பெட்டிகள். மெல்லிசுதான், ஆனா நல்ல காய்ஞ்ச மரம். அறுக்கிறது ஆரு?"

"நான்தான்."

"அல்லாவே!" என்றார். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, கட்டிலில் கிடந்தவரைக் கண்டு, வண்டிக்குப் போனார். நல்ல பலகைகளாகத் தெரிந்தெடுத்து இறக்கினார். ஆணிகளைக் கூடக் கழற்றி ஒரு சிரட்டையில் போட்டுத் தந்தார்.

முதல் தட்டு அடிக்க எனக்கு எவ்வளவு காலம் போனதென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நேரான தடியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடையாக நூலில் கட்டி, அதிலிருந்து சுவர் எவ்வளவு தூரம் என்று இரண்டு முனையிலும் தென்னை ஈர்க்கிலை முறித்து அளவு எடுத்தேன். அந்த இரண்டு ஈர்க்கிலையும் பலகையில் வைத்து, இடையில் கரியால் கோடு போட்டேன். கோடு சரியாகத்தான் வந்தது. வாள்தான் கோட்டில் போகவில்லை. அறுத்து முடிந்தபோது பலகை விளிம்பு ஆற்று அலை மாதிரி இருந்தது. உள்ளங்கை கொப்பளித்துப்போனது. தங்கச்சி வந்து பலகையின் மறு முனையை மிதித்துக்கொண்டு நிற்பாள்.

"அக்கா, ஊர் சிரிக்குது" என்பாள்.

"நீ பலகைய ஆட்டாம நில்லு."

மண் சுவரில் ஆணி நிற்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அடித்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. நிலத்திலிருந்து நான்கு கால் நாட்டி, அவற்றின் மேல் தட்டுகளைத் தாங்க வைத்தேன். இவை எல்லாவற்றையும் அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பிழையாகச் செய்யப்போகிறேன் என்று அவருக்கு என்னைவிட முந்தியே தெரிந்துவிடும். "ஓம்! ஓம்!" என்று கத்துவார். நான் வாளை நிறுத்துவேன். எது பிழை? நீளமா, சரிவா, பலகையைத் திருப்பி வைத்திருக்கிறேனா? ஒவ்வொன்றாகக் கேட்பேன். எல்லாவற்றுக்கும் ஓம். பிறகு நான் எனக்குத் தோன்றியபடி அறுப்பேன். அது பிழையாகப் போகும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். செய்யத் தெரிந்தவர் கட்டிலில் கிடக்க, தெரியாதவள் வாளோடு நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாயளவு இடம்கூட இல்லை.

எப்படியோ மூன்று தட்டுகள் நின்றன. முன்பக்கம் நூல் பிடித்த மாதிரி இல்லை, ஆனாலும் ஓரளவு நேர். சீப்பு, கண்ணாடி, செம்பு, வெற்றிலைத் தட்டம், எண்ணெய்ப் போத்தல், சாறு பிழியத் தேசிக்காய், சால்வை எல்லாவற்றையும் அடுக்கினேன். மறுநாள் காலை அவர் தானாகக் கையை நீட்டிச் சீப்பை எடுத்து இடது கையால் தலையை வாரினார். வகிடு எங்கேயோ போயிற்று. நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

ஆனால் அது போதவில்லை. சில நாள் கழித்து அவர் புதிதாக ஒன்றைக் கேட்கத் தொடங்கினார். சொல் எதுவும் இல்லை. இடது உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் விரித்து, தன் பக்கம் தாழ்த்தி, மறு பக்கம் உயர்த்திப் பிடிப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். தட்டுகளைப் பார்ப்பார். திரும்பவும் கையைச் சரித்துக் காட்டுவார்.

சரிவு. கூரை ஒழுகுகிறது என்கிறாரா? ஏறிப் பார்த்தோம், ஒழுகவில்லை. தலையணையைச் சரித்து வைக்கச் சொல்கிறாரா? வைத்தேன், தள்ளிவிட்டார். யன்னல் பலகையா? இல்லை. நாள் முழுதும் அந்தக் கை அப்படியே நிற்கும். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் நிற்கும். சில வேளை நான் வேண்டுமென்றே பார்க்காமல் போவேன்.

பிறகு எனக்கு ஒன்று பட்டது. தட்டில் பின்னால் இருக்கிற சாமான் அவர் கைக்கு எட்டவில்லை. தட்டைத் தன் பக்கம் சரித்துவிட்டால் எல்லாம் தெரியும், எட்டும். அதைத்தான் சொல்கிறார்! பெரிய சந்தோசத்தோடு நடுத்தட்டைக் கழற்றி, பின்புறம் கட்டை வைத்து உயர்த்தி, சரிவாக அடித்தேன். சாமான்களை அடுக்கிவிட்டு, "இப்ப சரியா மச்சான்?" என்று கையை எடுத்தேன்.

எண்ணெய்ப் போத்தல் முதலில் வந்தது. அதன் பின்னால் தேசிக்காய்கள். வெற்றிலைத் தட்டம் மெதுவாக, யோசித்து யோசித்து நகர்ந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, அவர் மடியில் விழுந்தது. செம்பு கடைசியாக வந்து அவருடைய முழங்காலில் தண்ணீரைக் கொட்டியது.

அவர் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து முதல் தரமாகச் சிரித்தார். உடம்பின் பாதிதான் சிரித்தது, ஆனாலும் பழைய சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன். தேசிக்காய்கள் கட்டிலுக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அழத் தொடங்கினார். அழுதபடியே உள்ளங்கையை விரித்து அதே சரிவைக் காட்டினார். அதுவும் இல்லை.

தட்டைத் திரும்ப மட்டமாக அடித்த பிறகு, அவரோடு கந்தோரில் வேலை செய்த தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். இவருடைய பென்சில்களையும் மூலைமட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. சாமான்களைக் கொண்டுவந்ததிலேயே அது தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கையைச் சரித்துக் காட்டினார். அந்தத் தம்பி உடனே, "ஓம் அண்ணன், மேசை அப்பிடியேதான் இருக்கு, யன்னலடியிலதான் கிடக்கு" என்றார்.

"என்ன மேசை?" என்றேன்.

"நாங்க படம் வரையிற மேசை அக்கா. பலகை இப்பிடிச் சரிஞ்சுதான் இருக்கும். நீங்க காணல்லயா?"

நான் எப்படிக் காண்பேன்? பெண்கள் கந்தோருக்குப் போகிற காலமா அது? வீட்டில் அவர் வரைந்ததெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணை இமைக்காமல் அந்தத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

அன்றே இருந்ததில் அகலமான பலகையைத் தேடி எடுத்தோம். அந்தத் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆப்புக் கட்டைகள் அறுத்துத் தந்தார். கீழ் விளிம்பில் பென்சில் உருண்டு விழாமல் ஒரு சின்னச் சட்டம் அடித்தேன். காலுக்கு மேலாகக் கட்டிலில் குறுக்கே வைக்கும்படி செய்தோம். அதுதான் நான் செய்தவற்றில் நேரான ஒன்று.

அவரைச் சாய்த்து உட்கார வைத்து, பலகையை மடிக்கு மேல் வைத்து, கடதாசியை நாலு மூலையிலும் குத்தினார் அந்தத் தம்பி. பென்சிலை இவர் இடது கையில் கொடுத்தேன். வலது கையை நானே எடுத்துக் கடதாசியின் மேல் வைத்தேன், அது கடதாசியை அமத்திப் பிடிக்கட்டும் என்று.

அவர் கோடு போட்டார். தொடங்கிய இடத்தில் பென்சில் நன்றாக அழுந்தியது. பிறகு கை நடுங்கி, கோடு கீழே இறங்கி, நின்று, மேலே துள்ளி, கடதாசியின் விளிம்பைத் தாண்டிப் பலகைக்குப் போனது. அவர் பென்சிலை எடுத்துவிட்டு, பழைய வழக்கப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். "பழகப் பழக வரும் அண்ணன்" என்றார் தம்பி. இவர் பென்சிலைக் கீழ்ச் சட்டத்தில் மெதுவாக, சட்டத்துக்கு நேராக வைத்தார். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் உள்ளங்கையைச் சரித்துக் காட்டவே இல்லை. மறுநாள் பலகையைக் கொண்டுபோனேன். "வைக்கட்டா மச்சான்?" என்றேன். ஓம் என்றார். வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "எடுக்கட்டா?" என்றேன். அதற்கும் ஓம். எடுத்துச் சுவரில் சாத்தினேன். இவ்வளவு நாளும் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் இருந்தது ஒரு துன்பம். தெரிந்து, செய்து கொடுத்து, அது உதவாமல் போனது அதைவிடப் பெரிய துன்பமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் களுதாவளையிலிருந்து மச்சாள் வந்தா. அவருடைய அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவ. இரண்டு மகன்மாரோடு வண்டியில் வந்து இறங்கினா. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்த விபூதியைத் தம்பியின் நெற்றியில் பூசிவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தா. தட்டுகளைப் பார்த்தா. என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்தா.

"ஏன்கா, ஆம்பிள இல்லாத ஊரா இது? நீ வாள் பிடிக்கிறாயாமே, ஊரெல்லாம் கதைக்குது."

நான் கையை இழுத்துச் சேலையில் துடைத்தேன்.

"நான் குறையாச் சொல்லல்ல. இஞ்ச நீ தனிச்சுப்போய்க் கிடக்காய். இவன ஒழுப்பி இருத்தவும் உன்னால ஒண்ணா. என்ட வீட்டில தூக்கிறதுக்கு ரெண்டு பேர் இரிக்காங்க. கொஞ்ச நாளைக்குக் கொண்டு போறன். நீயும் வா. வராட்டியும் இரி, களைப்பாறு."

அவ சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. தூக்கித் தூக்கி என் இடுப்பு நாரி விட்டுப்போயிருந்தது. இரண்டு கிழமையாகத் தங்கச்சிக்குக் காய்ச்சல்; அவரைத் திருப்பிக் கிடத்த நான் மட்டும்தான். போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. போனால் திரும்ப வரமாட்டார் என்று இன்னொரு மனம் சொன்னது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவரயே கேளுங்க மச்சாள்" என்றேன்.

மச்சாள் கட்டிலில் குந்தி, அவருடைய தாடையைத் தன் பக்கம் திருப்பினா. "தம்பி, அக்காவோட வாறியா?"

"ஓம்."

"கேட்டியாகா?" என்று என்னைப் பார்த்தா.

நான் கட்டிலடிக்குப் போனேன். "மச்சான், இஞ்சயே இருக்கிறீங்களா?"

"ஓம்" என்றார். அதே குரல்.

மச்சாள் என்னைப் பார்த்தா, நான் மச்சாளைப் பார்த்தேன். யாருக்கும் அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. வெளியே வண்டிக்காரன் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தான். பொழுது சாய முதல் போய்ச் சேர வேண்டும். கடைசியில் மச்சாள்தான், "தூக்குங்கடா, பதனமாத் தூக்குங்க" என்றா.

மூத்தவன் தோள் பக்கமும் இளையவன் கால் பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டு எட்டு வைத்திருப்பார்கள். அவருடைய இடது கை நீண்டு நடுத்தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "விடுங்க மாமா" என்றான் மூத்தவன். அவர் விடவில்லை. இளையவனுக்குத் தெரியவில்லை, அவன் இன்னும் ஒரு எட்டு வைத்தான். நான் அடித்த ஆணிகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். கிரீச்சென்று பெயர்ந்தன. பலகை கழன்று அவர் கையோடு வந்தது. அதில் இருந்ததெல்லாம் நிலத்தில் சிதறியது, எண்ணெய்ப் போத்தல் உடைந்தது. அவர் பலகையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஓம்! ஓம்! ஓம்!" என்று கத்தினார். நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. பலகையின் பின்பக்கத்தில் ஆணிகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்று அவர் சட்டையைக் கிழித்து நெஞ்சில் கீறியிருந்தது.

"விடுங்கடா!" என்று மச்சாள் கத்தினா. "கிடத்துங்கடா அவன!"

கிடத்தினார்கள். பலகையை அவர் கையிலிருந்து எடுக்க வெகுநேரம் பிடித்தது. விரல் விரலாக நான்தான் விடுவித்தேன். மச்சாள் நிலத்தில் குந்தி, எண்ணெய்க்குள் கிடந்த சீப்பையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கத் தொடங்கினா. பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டே சத்தமில்லாமல் அழுதா. பிறகு மகன்மாரைப் பார்த்து, "வண்டியக் கொண்டு நீங்க போங்க. நான் ரெண்டு நாள் நிண்டு வாறன்" என்றா.

இரண்டு நாள் என்றவ அந்த மாதம் முழுதும் நின்றா. அடுத்த நாள் காலை அந்தப் பலகையை நான் திரும்ப அடிக்கும்போது மறு முனையைத் தாங்கிப் பிடித்தா. "நேரா இருக்கா?" என்று கேட்டேன். "நான் என்னத்தக் கண்டன்?" என்றா. இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் சண்டை முடியும் மட்டும் உயிரோடு இருந்தார். நான் தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் கேட்கக்கூடும் என்று எனக்குத் தோன்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் செய்தேன். கீழே கதவு வைத்த அலுமாரியும் வந்தது. பிணைச்சல் கிடைக்காமல் தோல் வாரில் கதவைத் தொங்கவிட்டேன். இரண்டு லாச்சி செய்ய நினைத்து ஒன்றுதான் சரிவந்தது. அதுவும் மாரியில் ஊதி இறுகிவிடும், கோடையில்தான் திறக்கும். எல்லாம் இருந்தும், ஏதாவது ஒரு நாள் அவர் தட்டுகளை மேலிருந்து கீழே பார்த்து, அங்கே இல்லாத ஒன்றைத் தேடுவார். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவேன். இதுவா? இதுவா? முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன். அவர் களைத்துக் கண்ணை மூடும் வரை தொடுவேன்.

ஒரு மாரியில், ஆறு முற்றத்து எல்லை வரை வந்து நின்ற நாட்களில், அவருக்குக் காய்ச்சல் கண்டது. அது இறங்கவில்லை. ஒரு மத்தியானம், நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மச்சாளும் நானும் அந்த அறையில் இருந்தோம். அவ கால் நீட்டி இருந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தா. நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கேக்கிறனெண்டு குறை நினைக்காத" என்றா. "அண்டைக்கு அவன் தட்டப் பிடிச்சானே. இஞ்ச இருக்க வேணுமெண்டு பிடிச்சானா, இல்ல, தூக்கினதில விழுந்திருவன் எண்ட பயத்தில பிடிச்சானா?"

அதே கேள்வியை நான் எத்தனையோ தரம் எனக்குள் கேட்டிருக்கிறேன். யாரைத் தூக்கினாலும் கைக்கு எட்டியதைப் பிடிப்பார்கள்தானே? அவர் அக்கா வீட்டுக்குப் போகத்தான் ஆசைப்பட்டிருந்தால்? நான் செய்த தட்டு அவரைத் தடுத்து வைத்திருந்தால்?

"தெரியாது மச்சாள்" என்றேன்.

"எனக்கும் விளங்கல்ல" என்றா. பாக்கை வாயில் போட்டுக்கொண்டு, என்னிடம் வெற்றிலையை நீட்டினா. நான் துணியைத் தட்டில் வைத்துவிட்டு அவ பக்கத்தில் போய் இருந்தேன்.